மதிலும் திண்ணையும்

கைவினைஞர் ஒருவர் தாம் செய்த பொருளை, அதை வேண்டுகிறவரிடம் நேரே கொண்டுபோய்க் கொடுக்க இயலுமா, இயலாதா? கேட்பதற்கு எளிய வினா இது. குயவரும் தச்சரும் நெசவாளரும் காலங்காலமாய் எதிர்கொண்ட வினாவுங்கூட. இன்று திறன்பேசிக்குச் செயலி எழுதும் இளைஞர் முன்னும் அதே வினாதான் புதிய உருவில் வந்து நிற்கிறது. அவர் எழுதியது நல்ல செயலியாக இருக்கலாம். அதை வேண்டுவோர் பலர் இருக்கலாம். ஆயினும் இரு தரப்பாருக்கும் இடையே ஒரு வாசல் இருக்கிறது. அவ்வாசலில் ஒரு காவலர் நிற்கிறார். அவர் எதற்காக நிற்கிறார், எதுவரை நிற்கலாம் என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பகலில் அது தொழில். மாலையில் எங்கள் ஊர் மாணவர் சிலருக்கு அத்தொழிலைச் சொல்லிக் கொடுக்கிறேன், அது மனநிறைவுக்காக. ஆண்டுதோறும் புதிதாக வருவோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "சார், முதலில் ஆண்ட்ராய்டுக்கு எழுதலாமா, ஐபோனுக்கு எழுதலாமா?" தொழில்நுட்பத்தைப் பற்றிக் கேட்பதாகவே அவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் அவர்கள் கேட்பது, யாருடைய வீட்டு வாசலில் தம் உழைப்பை இறக்கி வைப்பது என்பதைத்தான்.

இரு வீடுகள்

2007 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோனை அறிமுகப்படுத்தியது. அவ்வாண்டு ஜூன் மாதம் அது விற்பனைக்கு வந்தபோது, வெளியார் எழுதும் செயலிகளுக்கு அதில் இடமில்லை. எழுத விரும்புவோர் இணையப் பக்கமாக எழுதி, உலாவி வழியே காட்டிக்கொள்ளலாம் என்பதே நிறுவனத்தின் தலைவராயிருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் அன்று காட்டிய வழி. மென்பொருளாளர்களுக்கு அது போதவில்லை. அக்டோபரில் நிறுவனம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. 2008 ஜூலை 10 அன்று 'ஆப் ஸ்டோர்' என்னும் கடை ஏறத்தாழ 500 செயலிகளுடன் திறக்கப்பட்டது. விற்ற விலையில் நூற்றுக்கு 30 நிறுவனத்துக்கு, 70 எழுதியவருக்கு. எந்தச் செயலியும் ஆப்பிள் ஆய்ந்து இசைந்த பின்னரே கடைக்குள் வரும். வேறு கடை கிடையாது.

30 விழுக்காடு என்றால் இன்று நாம் முகம் சுளிக்கிறோம். அன்று அதனைப் பலர் மகிழ்ந்து வரவேற்றனர். அதற்கு முன்பு கைப்பேசிச் சேவை நிறுவனங்களின் வாசலில் காத்துக் கிடந்து, வருவாயில் பெரும்பங்கை அவர்களிடம் விட்டுவிட்டு மீந்ததைப் பெற்றுவந்த மென்பொருளாளர்களுக்கு அது விடுதலையாகவே தோன்றிற்று. எத்தனையோ கோட்டைகள் தொடக்கத்தில் அடைக்கலமாகத்தான் கட்டப்பட்டன என்பதை நாம் மறத்தலாகாது.

மற்றொரு வீட்டின் கதை வேறு. ஆண்ட்ராய்டு என்னும் சிறு நிறுவனத்தை 2005இல் கூகுள் வாங்கியது. 2007 நவம்பர் 5 அன்று 34 நிறுவனங்கள் கொண்ட கூட்டணி ஒன்று அறிவிக்கப்பட்டது. 2008 அக்டோபரில் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி விற்பனைக்கு வந்தது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், எடுத்து மாற்றியும் அமைக்கலாம். கூகுளுக்கும் ஒரு கடை இருந்தது. ஆனால், கைப்பேசியின் உரிமையாளர் இசைந்தால் அக்கடைக்கு வெளியிலிருந்தும் செயலிகளை நிறுவிக்கொள்ளலாம். கட்டற்ற மென்பொருள்களை மட்டுமே வைத்திருக்கும் 'எஃப்-டிராய்டு' என்னும் தொகுப்பு 2010 முதல் இவ்வாறுதான் இயங்கி வருகிறது.

சுருங்கச் சொன்னால், ஒன்று உயர்ந்த மதிலும் ஒற்றை வாயிலும் உடைய வீடு. மற்றது வழிப்போக்கரும் வந்து அமரத்தக்க திண்ணை வைத்த வீடு.

திண்ணையின் அருமை

திண்ணையின் அருமையை நான் ஒரு மாணவியிடம் கண்டேன். அவருடைய தந்தை சிறிய தையற்கடை நடத்துபவர். வாடிக்கையாளரின் அளவுகளைப் பழைய நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பது அவர் வழக்கம். அந்த நோட்டை அப்படியே கைப்பேசிக்குள் கொண்டுவர வேண்டும் என்பது மகளின் ஆசை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கணினி ஒன்றே அவரிடம் இருந்தது. ஆண்ட்ராய்டுக்கு எழுத அது போதுமானதாயிற்று. ஐபோனுக்கு எழுதுவதானால் ஆப்பிள் கணினியே வேண்டும்; கடையில் வைக்க ஆண்டுதோறும் 99 டாலர் செலுத்தவும் வேண்டும். கூகுளின் கடையிலோ ஒரே ஒருமுறை 25 டாலர்.

அந்த 25 டாலரையும் அவர் உடனே செலுத்தவில்லை. எழுதி முடித்த செயலியைத் தந்தையின் கைப்பேசியில் வைத்தார். பிறகு அதே தெருவிலிருந்த தையற்காரர்களுக்குக் கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்கு நேரே அனுப்பிக் கொடுத்தார். ஒரு கிழமைக்குள் குறைகள் வந்து குவிந்தன. கால் அங்குல அளவுகளைக் குறிக்க இடமில்லை என்றார் ஒருவர். தீபாவளி நெருக்கத்தில் எந்த உருப்படியை எந்நாளில் கொடுப்பது என்பதே பெரிய கவலை, அதற்கு ஒரு பட்டியல் வேண்டும் என்றார் மற்றொருவர். கடைக்கு வருமுன்பே அந்தச் செயலி நன்கு பக்குவப்பட்டுவிட்டது. யாரிடமும் இசைவு கேட்காமல், தன் தெருவுக்குத் தன் கையாலேயே கொடுக்க முடிந்தது என்பதே அதற்குக் காரணம். மதில் வீட்டில், ஆண்டுச் சந்தா செலுத்தாமல் இவ்வாறு கைக்குக் கை கொடுக்க வழியில்லை.

நம் மொழியின் அனுபவமும் இதையே சொல்கிறது. 2009இல் வந்த ஆண்ட்ராய்டு 1.5ஆம் பதிப்பிலேயே, வெளியார் எழுதும் விசைப்பலகைகளுக்கு இடம் தரப்பட்டது. ஒருவர் தமிழ் விசைப்பலகை ஒன்றை எழுதினால், மின்னஞ்சல், குறுஞ்செய்தி என எல்லாச் செயலிகளிலும் அதைப் பயன்படுத்த வழி பிறந்தது. ஐபோனில் அந்த உரிமை 2014இல், ஐ.ஓ.எஸ். 8ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. அதுவரை தமிழ் விசைப்பலகை எழுதியவர்களின் செயலிக்குள் தட்டச்சு செய்து, நகலெடுத்து, வேண்டிய இடத்தில் ஒட்டவேண்டியிருந்தது. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005இலேயே சிங்கப்பூரில் வெளியானது என்பதை நினைத்துப் பார்த்தால், அறிந்தவர் இருந்தும் வாசல் திறக்காமையால் ஒரு மொழி எத்தனை ஆண்டு காத்திருக்க நேர்கிறது என்பது விளங்கும்.

எனினும், நடுநிலை தவறலாகாது. ஆப்பிள் 2013இல் தானே தமிழ் விசைப்பலகைகளை ஐபோனில் சேர்த்தது. அதன்பின் ஒரே நாளில் எல்லா ஐபோன் பயனர்க்கும் அவ்வசதி வந்து சேர்ந்தது. திண்ணை வீட்டிலோ ஒவ்வொரு கைப்பேசி நிறுவனமும் தன் விருப்பம்போல் நடந்தது. தொடக்க ஆண்டுகளில் பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தமிழ் எழுத்துகள் வெறுங்கட்டங்களாகவே தோன்றின. விசைப்பலகையை எழுத முடிந்தது. எழுதியதைப் படிக்கத்தான் முடியவில்லை! திறந்திருப்பது மட்டுமே நன்மையாகிவிடாது. பொறுப்பேற்கவும் ஒருவர் வேண்டும்.

மதிலின் நியாயம்

மதில் எழுப்புவோர் சொல்லும் நியாயம் பாதுகாப்பு. அதை எளிதாய்ப் புறந்தள்ள முடியாது. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் திறந்து, வங்கிக் கணக்கிலிருந்த சேமிப்பை இழந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. கடைக்கு வெளியிலிருந்தும் செயலியை நிறுவலாம் என்னும் அதே வாய்ப்பு, தையற்காரரின் மகளுக்கு உதவியது போலவே கயவருக்கும் உதவுகிறது. திண்ணையில் வழிப்போக்கர் மட்டுமா அமர்கிறார்? திருடரும் வந்து அமர்ந்து வீட்டை நோட்டமிடலாம் அன்றோ?

ஆயினும் மதில் மட்டுமே காத்துவிடும் என்பதும் உண்மையன்று. சில ஆண்டுகளுக்கு முன், அவசரக் கடன் தருவதாகச் சொல்லி, பின்னர் கடன் பெற்றவரின் உறவினரையெல்லாம் அழைத்து அவமானப்படுத்திய செயலிகளில் பல, கூகுளின் கடைக்குள்ளேயே இருந்தவை. கூகுள் அவற்றை நீக்கியது, துன்பம் நிகழ்ந்த பிறகுதான்.

தீயவரைத் தடுக்க வைத்த காவல், நல்லவரையும் தடுத்ததுண்டு. அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் மார்க் ஃபியோரே தம் அசையும் சித்திரங்களை ஒரு செயலியாக்கி ஆப்பிளுக்கு அனுப்பினார். பொதுவாழ்வில் உள்ளோரை எள்ளி நகையாடுகிறது என்று காரணம் காட்டி அது மறுக்கப்பட்டது. கேலிச்சித்திரத்தின் பணியே அதுதானே! 2010 ஏப்ரலில் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. மறுக்கப்பட்ட செய்தி வெளியே பரவியதும், மீண்டும் அனுப்புமாறு கேட்டு ஆப்பிள் ஏற்றுக்கொண்டது. நல்லதுதான். ஆனால், பரிசு பெறாத கேலிச்சித்திரக்காரர் எங்கே போய் முறையிடுவார்?

திண்ணைக்குக் கம்பி போட்ட கதை

நம் ஊர்களில் பழைய திண்ணை வீடுகள் பலவற்றுக்கு இன்று இரும்புக் கம்பிக் கதவு போட்டிருக்கிறார்கள். திண்ணை இருக்கும், அமரத்தான் முடியாது. ஆண்ட்ராய்டுக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ அதுவே.

ஆண்ட்ராய்டின் மூலநிரல் திறந்தது; ஆனால் கூகுளின் கடையும் அதனோடு இணைந்த சேவைகளும் திறந்தவையல்ல. கடை இல்லாத கைப்பேசியை மக்கள் வாங்கமாட்டார்கள். ஆகவே, கடை வேண்டும் நிறுவனங்கள் கூகுளின் நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டியதாயிற்று. அவற்றுள், கூகுளின் தேடுபொறியையும் உலாவியையும் முன்கூட்டியே நிறுவவேண்டும் என்பதும், மூலநிரலை மாற்றியமைத்த பிற வகைக் கைப்பேசிகளை விற்கலாகாது என்பதும் அடங்கும். இதற்காகவே 2018இல் ஐரோப்பிய ஆணையம் 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2022இல் நீதிமன்றம் அதனை 412.5 கோடியாகக் குறைத்தபோதும் பெரும்பாலான குற்றச்சாட்டுகளை உறுதிசெய்தது. அதே 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையமும் ஆண்ட்ராய்டு தொடர்பாக ரூ. 1,337.76 கோடி அபராதம் விதித்தது.

2024 மார்ச் மாதத் தொடக்கத்தில் நம் அருகிலேயே ஒன்று நிகழ்ந்தது. சேவைக் கட்டணம் செலுத்தவில்லை என்று கூறி, இந்திய நிறுவனங்கள் சிலவற்றின் செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்து நீக்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட 'பாரத் மேட்ரிமோனி'யின் செயலிகளும் அவற்றுள் இருந்தன. இந்தியாவின் திறன்பேசிகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்டவை ஆண்ட்ராய்டு என்பதை நினைவிற் கொண்டால், அந்தக் கடையிலிருந்து நீக்கப்படுவது ஊரை விட்டு ஒதுக்கி வைப்பதற்கு ஒப்பாகும் என்பது புரியும். நடுவண் அரசு தலையிட்டது. சில நாள்களில் செயலிகள் திரும்பின. வழக்கின் நியாயம் எப்பக்கமாயினும் ஆகுக. பெரிய நிறுவனங்களுக்காக அமைச்சர் பேசினார். தையற்காரரின் மகளுக்காக எந்த அமைச்சர் பேசுவார்?

அமெரிக்க நீதிமன்றங்களில் இன்னும் வியப்பான ஒன்று நிகழ்ந்தது. 2020 ஆகஸ்டில் 'எப்பிக்' என்னும் விளையாட்டு நிறுவனம் தன் 'ஃபோர்ட்நைட்' செயலியில், இரு கடைகளையும் தவிர்த்து நேரே பணம் செலுத்தும் வழியைத் திறந்தது. இரு கடைகளும் அதே நாளில் அதை நீக்கின. எப்பிக் இருவர்மீதும் வழக்குத் தொடுத்தது. 2021இல் வந்த தீர்ப்பில் ஆப்பிள் பெரும்பாலும் வென்றது. வெளியே வேறு வழியில் பணம் செலுத்தலாம் என்று பயனரிடம் சொல்வதைத் தடுக்கலாகாது என்பதே அதற்கு இடப்பட்ட முக்கியமான கட்டளை. அந்தக் கட்டளையையும் ஆப்பிள் வேண்டுமென்றே மீறியது என 2025 ஏப்ரலில் அதே நீதிபதி கண்டார். கூகுளோ 2023 டிசம்பரில் நடுவர்குழுவின் முன் தோற்றது. 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

மதில் கட்டியவர் பெரும்பாலும் வென்றார். திண்ணை வைத்தவர் தோற்றார்! இது முறையா என்று என் மாணவர்கள் கேட்டனர். இரு வழக்குகளிலும் சாட்சியங்கள் வேறு, விசாரித்தவர்களும் வேறு என்பதை அவர்களுக்கு எடுத்துரைத்தேன். ஆயினும் நான் இதிலிருந்து பெறும் படிப்பினை ஒன்றுண்டு. தொடக்கத்திலேயே 'இது என் வீடு, என் விருப்பம்' என்றவரைவிட, 'எல்லாரும் வாருங்கள்' என்று அழைத்துவிட்டு, வந்தபின் கதவைச் சாத்துபவருக்கே விடையளிக்கும் கடமை மிகுதி. வாக்குக் கொடுத்தவரிடம்தான் வாக்கைப் பற்றிக் கேட்க முடியும்.

எக்கோ சொன்னதும் சொல்லாததும்

இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ 1994இல் 'எஸ்பிரெசோ' இதழில் எழுதிய நகைச்சுவைப் பத்தி ஒன்று பலருக்கு நினைவிருக்கலாம். ஆப்பிளின் மெக்கின்டோஷ் கணினி கத்தோலிக்கமானது. 'டாஸ்' முறையில் இயங்கும் கணினி சீர்திருத்தச் சபையைச் சார்ந்தது என்பது அவர் வேடிக்கையாகச் சொன்ன கருத்து. முன்னது நம்பிக்கையாளரைப் படங்காட்டிப் படிப்படியாகக் கைபிடித்து அழைத்துச் செல்லும். பின்னது மறைநூலை அவரவரே படித்துப் பொருள் கொள்ளவும், கடினமான முடிவுகளை அவரவரே எடுக்கவும் விட்டுவிடும். நம் இதழின் வாசகர்கள் இதைப் படித்துப் புன்னகைக்கலாம், சினங்கொள்ளத் தேவையில்லை.

ஆனால் எக்கோ எழுதிய அந்நாளில் இருந்த ஒன்று இன்று இல்லை. 1994இல் மெக்கின்டோஷுக்கு மென்பொருள் எழுதியவர், அதை நெகிழ்வட்டில் பதிந்து எவரிடமும் விற்கலாம். ஆப்பிளிடம் இசைவு பெறவேண்டியதில்லை. பங்கு கொடுக்கவேண்டியதும் இல்லை. அவர் கேலி செய்த இரண்டு வீடுகளுமே எழுதுவோரைப் பொறுத்தமட்டில் திறந்த வீடுகள்தாம். எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் இடையே நிரந்தரமாய் நின்று சுங்கம் வாங்கும் காவலர், திறன்பேசியோடு வந்தவர்.

ஆகவே 'திறந்ததா, மூடியதா' என்று சமய நெறிகளைப் போல இவற்றைப் பிரித்து வாதிடுவதில் எனக்கு நாட்டமில்லை. எங்கள் ஊர் வாரச்சந்தையிலும் சுங்கம் வாங்குகிறார்கள். அதனைக் குத்தகைக்கு எடுத்தவர் வாயிலில் அமர்ந்திருக்கிறார். கூடைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று பலகையில் எழுதியிருக்கும். அதற்குமேல் கேட்டால் பேரூராட்சி அலுவலகத்தில் முறையிடலாம். சந்தை பிடிக்கவில்லையா, தெருத்தெருவாய்க் கூவி விற்கலாம். அதைத் தடுக்க அவருக்கு உரிமையில்லை. எழுதிய பலகை, முறையிட ஓர் இடம், விலகிச் செல்ல வேறு வழி: இம்மூன்றும் இருந்தால் வாசற்காவலரால் தீங்கில்லை.

இம்மூன்றையும் பெறுவதற்கே உலகெங்கும் இன்று போராட்டம் நடக்கிறது. 2021இல், ஆண்டு வருவாய் 10 இலட்சம் டாலருக்கு உட்பட்டவர்களிடம் பெறும் பங்கை இரு கடைகளும் 15 விழுக்காடாகக் குறைத்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்மச் சந்தைச் சட்டத்தின் விளைவாக, 2024 மார்ச் முதல் அந்நாடுகளின் ஐபோன்களில் வேறு கடைகளும் வந்துள்ளன. மதிலில் ஒரு பக்கவாயில் திறந்திருக்கிறது. அதே வேளையில், திண்ணை வீட்டுக்காரர் 2025 ஆகஸ்டில் ஓர் அறிவிப்பு விடுத்தார். கடைக்கு வெளியே கொடுக்கப்படும் செயலியாயினும், எழுதியவர் தம் அடையாளத்தைக் கூகுளிடம் பதிந்து உறுதிசெய்திருக்க வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய 4 நாடுகளில் இது தொடங்கி, பின்னர் பிற நாடுகளுக்கும் விரியும் என்றது அவ்வறிவிப்பு. ஏமாற்றுவோரைத் தடுப்பதே நோக்கம் என்றும், மாணவர்களுக்குத் தனிவகைக் கணக்கு உண்டு என்றும் கூகுள் கூறியது. எஃப்-டிராய்டு அமைப்பினர் இதை வன்மையாக எதிர்த்தனர்.

திருமண அழைப்பிதழைத் திறந்து சேமிப்பை இழந்தவரை எண்ணும்போது கூகுளின் பக்கம் நியாயம் தெரிகிறது. அதே தெருவின் தையற்காரர்களுக்குத் தன் கையால் கொடுத்த அம்மாணவியை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. ஒருவரைக் காப்பதற்காக மற்றவரின் கையைக் கட்டாத வழி ஒன்று இல்லாமலா போகும்? அதைத் தேடுவது கடினம். கடினம் என்பதற்காகத் தேடாமல் விடுவது அறமன்று.

இப்போது என் மாணவர்களுக்கு நான் சொல்லும் விடை இதுதான். இரண்டு வீடுகளுக்கும் எழுதுங்கள்; விதிகளை முழுமையாகப் படித்து, அவற்றுக்கு நேர்மையாய் நடந்துகொள்ளுங்கள். ஆனால் உங்கள் பயனர்களோடு உள்ள உறவை ஒரு கடைக்காரரிடம் மட்டும் ஒப்படைத்துவிடாதீர்கள். இயலுமிடத்தெல்லாம் உங்கள் செயலியின் ஒரு வடிவத்தை உலாவியில் திறக்கும் இணையப் பக்கமாகவும் வைத்திருங்கள். 2007இல் போதாது என்று நாம் மனங்குறைந்த அதே வழிதான், இன்று எவரிடமும் இசைவு கேட்காமல் செல்லத்தக்க பாதையாய் எஞ்சி நிற்கிறது. அது ஒற்றையடிப் பாதைதான். நாலு பேர் நடந்தால்தான் அதில் புல் மண்டாமல் இருக்கும்.